வாட்டர் வாஷ் இலவசம்

ராத்திரி முழுக்கப் பெய்த ஐப்பசி மழை விடிகாலையில்தான் ஓய்ந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் கார் சாவியைத் திருகினார். டிக்... டிக்... டிக் டிக் டிக். அதோடு சரி. என்ஜின் அசையவில்லை. காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. கலங்கக் காரணம் ஒன்றுமில்லை. என் வண்டி இப்போது சொன்னபடி கேட்கிறது. ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே பொழுது விடிந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற பேட்டரிக்குத் தெம்பில்லாதபோது, அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் சோலினாய்டு இழுக்கும், மின்சாரம் சரிந்ததும் விடும், மறுபடி இழுக்கும். அந்த வீண் முயற்சியின் சத்தம்தான் அது.

"ஷோரூமுக்கு போன் பண்ணிட்டேன் சார், ஆள் வந்துருவாங்க" என்றார் தம்பி.

"நேத்து வண்டிய வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தீங்களா?" யோசிக்கும் முன்பே கேட்டுவிட்டேன்.

பேட்டரி டவுனுக்கும் வாட்டர் வாஷுக்கும் என்ன சம்பந்தம் என்பதாக அவர் என்னைப் பார்த்தார். சம்பந்தத்தைச் சொல்லலாம்தான். அவருக்கு எட்டரை மணிக்கு மீட்டிங். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் வண்டி, பணி ஓய்வில் வந்த பணத்தில் வாங்கிய சின்னக் கார். சாவி வாங்கப் போன அன்று ஷோரூமில் வண்டியைச் சிவப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். துணியை நானும் என் மனைவியும் சேர்ந்து உருவ வேண்டும். உருவினோம். மணி அடித்தார்கள், கேக் வெட்டச் சொன்னார்கள், இரண்டடி நீளத்தில் அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். "எங்க ஃபேமிலிக்கு வெல்கம் சார்" என்றார் மேனேஜர். அங்கிருந்து நேராகப் பொள்ளாச்சி ரோட்டில் ஈச்சனாரிப் பிள்ளையாரிடம் போனோம். கோயம்புத்தூர்க்காரன் புது வண்டி வாங்கினால் அங்கே போகாமல் வீடு திரும்ப மாட்டான். அப்பா தன் அம்பாசடரைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அதே சன்னிதிதான். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் என்ற கணக்கும் மாறவில்லை. அப்பா காலத்தில் கேக் மட்டும் இல்லை.

விலையில் தள்ளுபடி கேட்டிருந்தேன். அது நடக்கவில்லை. பதிலுக்குச் சில சாமான்களை ‘காம்ப்ளிமென்டரி’ என்று பில்லில் எழுதி மாட்டித் தந்தார்கள். காலடி விரிப்பு, மட் ஃப்ளாப், முன் பம்பரில் ஒரு ஜோடி ஃபாக் லேம்ப். கோயம்புத்தூரில் பனிமூட்டத்துக்கு நான் எங்கே போவேன்? "மார்கழியில ஊட்டிக்குப் போனா யூஸ் ஆகும் சார்" என்றான் விற்பனைப் பையன். சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

முதல் மழைக்காலம் வந்தது. ஒரு நடுராத்திரி, போர்ட்டிகோவில் ‘டக்’ என்று சத்தம். சற்று நேரம் கழித்து மறுபடி ‘டக்’. "யாரோ கார்க் கதவத் திறக்கறாங்க" என்று மனைவி எழுப்பினாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு போனால் ஆள் அரவமே இல்லை. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கதவுகளின் பூட்டு நாலும் தானாக விழுந்தன, தானாக எழுந்தன. உள்ளே கூரை விளக்கு மங்கலாக எரிந்து அணைந்தது. பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவன் நான். இருந்தாலும் அன்று டார்ச்சை அணைக்காமலேயே திரும்பி வந்தேன். காலையில் சாவியைத் திருகினால் டிக் டிக் டிக்.

சர்வீஸ் சென்டர் பளபளவென்று இருந்தது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் டேப்லெட்டும் கையுமாக ஒரு இளைஞர், சர்வீஸ் அட்வைசர். "என்ன கம்ப்ளெயின்ட் சார்?" நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். ராத்திரி மழை பெய்தது, பூட்டு அடித்துக்கொண்டது, விளக்கு எரிந்தது, காலையில் வண்டி கிளம்பவில்லை. அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "பேட்டரி டவுன்" என்று தட்டினார்.

"அந்தப் பூட்டு விஷயம்?"

"அது வேற கம்ப்ளெயின்ட் சார். டோர் லாக். தனி லைன் போட்டுடறேன்."

மழைக்கு எந்த லைனும் இல்லை.

வண்டி ஒரு கதவு வழியாக உள்ளே போனது. நான் இன்னொரு கதவு வழியாக குளிர்பதன அறைக்குப் போனேன். ‘வாடிக்கையாளர்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் அனுமதிக்கப்படுவதில்லை’ என்று போர்டு. மெஷின் காபி, டி.வி., போன வருஷத்துப் பத்திரிகைகள். மாலையில் அட்வைசர் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். பேட்டரியைச் சோதிக்கும் கருவி தானே அச்சடித்துத் தரும் சீட்டு அது. "பேட்டரி குட் சார். சார்ஜ்தான் இறங்கியிருக்கு. ஏத்தியாச்சு." சரி, ஏன் இறங்கியது? "வண்டிய டெய்லி ஓட்டணும் சார். சும்மா நிறுத்தி வெச்சா இறங்கத்தான் செய்யும்." டோர் லாக் வரிக்கு எதிரே ‘செக்டு, ஃபவுண்ட் ஓகே’. வண்டி கண்ணாடியாக மின்னியது. "வாட்டர் வாஷ் ஃப்ரீயா பண்ணியிருக்கோம் சார்."

அன்று ராத்திரியே டக்.

அப்பாவின் அம்பாசடரை நினைக்காமல் இதைச் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அச்சாகக் கொண்டு, வங்காளத்து உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை செய்த வண்டி. அப்பா பஞ்சு புரோக்கர். உடுமலை, பொள்ளாச்சி, திருப்பூர் என்று வாரம் முழுக்க அலைச்சல். டிக்கியில் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் எப்போதும் இருக்கும். பேட்டரி கைவிட்டால் முன் பம்பரில் உள்ள ஓட்டையில் அதைச் செருகிச் சுற்ற வேண்டியதுதான். கட்டை விரலை மடக்காமல் பிடிக்கவேண்டும் என்பது அப்பா எனக்குச் சொல்லித் தந்த முதல் தொழில்நுட்பம். என்ஜின் எதிர்த்து உதைத்தால் விரல் போய்விடும்.

மின்சாரக் கோளாறு என்றால் உக்கடத்துப் பாய்தான். பெரிய குளத்துப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஆசிட் வாசனை, உள்ளே ஈயம் பற்றவைக்கிற புகை. கறுப்பு ரப்பர் பெட்டிக்குள் தார் பூசி மூடிய பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜில் இருக்கும். ரப்பர் குமிழ் மாட்டிய கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குண்டு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சார்ஜ் இருந்தால் குண்டு எழும்பும், இல்லாவிட்டால் அமுங்கும்.

வண்டியைப் போய் நிறுத்தினால் பாய் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். ஒரு சமயம் மழைநாளில் இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மாட்டு வண்டிக்காரர்கள் எல்லாம் எங்களைத் திட்டினார்கள். அதைக் கொண்டுபோனபோது பாய் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

"எப்ப இருந்துங்க மொதலாளி?"

"முந்தாநேத்து."

"முந்தாநேத்து எங்க போயிருந்தீங்க? வண்டி மழையில நின்னுச்சா? ரேடியோ யாரு மாட்டினது? சோத்துக்கைப் பக்கம் ஒடிச்சா அடிக்குதா, பீச்சாங்கைப் பக்கமா?"

அப்பாவுக்குப் பொறுக்காது. "வண்டியப் பாருங்க பாய்னா என்ற கதையக் கேட்டுட்டு இருக்கறீங்களே."

"வண்டி பேசாதுங்களே மொதலாளி. நீங்கதானே அதோட சுத்தறவரு" என்பார் பாய்.

பிறகுதான் டெஸ்ட் லாம்ப் வெளியே வரும். பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைப் பற்றவைத்தது, அவ்வளவுதான். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, நடுவில் அந்தப் பல்பைச் சேர்ப்பார். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பல்பு எரிந்தால் எங்கோ கசிகிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வருவார். எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ, கசிவு அந்த வழியில். அந்த வண்டியில் ஃபியூஸ் இரண்டு மூன்றுதான் என்பதால் வேலை சீக்கிரம் முடியும். ஹாரன் ஒயர் ஸ்டியரிங் தண்டின் அடியில் தோல் உரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. புது ஒயர் இழுத்தார். அது என்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே நுழையும் துளைக்கு முன்னால் ஒரு சாண் அளவு கீழே தொங்கும்படி விட்டு, அப்புறம் மேலே ஏற்றி உள்ளே செருகினார். ஒயர் வீணாகிறதே என்று நான் நினைத்ததை முகத்தில் படித்திருப்பார். "தண்ணி ஒயரப் புடிச்சுட்டேதான் நடக்கும் தம்பி. இப்படித் தொங்க விட்டா, அடிவயித்துல வந்து சொட்டிப் போயிரும். உள்ள ஏறாது."

பாயைத் தெய்வமாக்க எனக்கு உத்தேசமில்லை. ‘நாளைக்கு’ என்று அவர் சொன்னால் அதற்கு அடுத்த வெள்ளி என்று பொருள். கையில் எந்தச் சுருள் இருக்கிறதோ அந்த நிறத்தில்தான் ஒயர் போடுவார். அம்பாசடரின் வயிற்றில் பாதிக்கு மேல் சிவப்பு. அடுத்துக் கைவைத்த மெக்கானிக்குகள் எல்லாம் அவரைச் சபித்தார்கள். வெயிலில் அவருடைய டேப் இளகி, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அப்பா அவரோடு சண்டை போட்டுவிட்டு வேறு கடைக்குப் போனதும் உண்டு, திரும்பி வந்ததும் உண்டு. ஆனால் அப்பா யாரிடம் கதையைச் சொன்னாரோ அவர் கைதான் வண்டிக்குள் போனது. அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. வேறு விதமாக நடக்கும் என்றே தெரியாது.

என் கார் விஷயத்தில், பேட்டரியை மாற்றித் தந்தார்கள். வாரன்டி இருந்ததால் காசில்லை. சில நாள் ஒழுங்காக ஓடியது, பிறகு பழைய குருடி. ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்றும் கருவி அது. நிற்கும்போது இறங்குவதற்கு அதை ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "டயோடு லீக் இருக்கலாம் சார்" என்றார் அட்வைசர். இருக்கலாம்தான், அப்படியும் நடப்பதுண்டு. இதில் நடக்கவில்லை. அடுத்து சாஃப்ட்வேர் அப்டேட். அதற்கடுத்து எலி. "உங்க ஏரியாவுல எலி ஜாஸ்தியா சார்?" கோயம்புத்தூரில் எந்த ஏரியாவில் குறைச்சல்? மழைக்காலத்தில் கதகதப்புக்கு என்ஜின் மேல் ஏறி ஒயரைக் கடிப்பது உண்மைதான். என் நண்பர் ஒருவர் வண்டியில் ஒரு குடும்பமே இருந்தது. எனவே எலி விரட்டும் மருந்து அடித்தார்கள். அது வாரன்டியில் வராது.

ஒவ்வொரு தடவையும் வண்டி குளித்து முழுகித்தான் வீட்டுக்கு வந்தது.

ஜாப் கார்டுகள் சேர்ந்துகொண்டே போயின. பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வயசானவர்கள் பழைய எக்ஸ்ரே உறையை அக்குளில் இடுக்கிக்கொள்வது போல நானும் ஒரு ஃபைலோடு அலைந்தேன். அட்வைசர்கள் மாறினார்கள். புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு "பேட்டரி டவுன்" என்று தட்டுவார். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கோபப்படக்கூட வழியில்லாமல் அவ்வளவு மரியாதை.

வண்டியை எடுக்கும்போது அட்வைசர் குரலைத் தாழ்த்துவார். "கம்பெனியிலேர்ந்து ஒரு போன் வரும் சார். தயவுசெஞ்சு பத்துக்குப் பத்து குடுத்துடுங்க. ஒம்பது குடுத்தாலும் ஃபெயில்தான் சார், எங்க இன்சென்டிவ் போயிரும்." பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்துக்குத் தவித்தவர்களையெல்லாம் கல்லூரியில் பார்த்தவன் நான். தொண்ணூறு வாங்கியும் ஃபெயில் ஆகிற பரீட்சையை அங்கேதான் பார்த்தேன். வீட்டில் வண்டி கிளம்பாமல் கிடக்கும்போது போன் வரும். அந்தப் பையனின் வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டு "பத்து" என்பேன்.

இதற்கிடையில் நானே கொஞ்சம் படித்தேன். கதவைப் பூட்டிய பிறகும் நவீன வண்டி முழுசாகத் தூங்குவதில்லை. கடிகாரம், பூட்டு, அலாரம் எல்லாம் துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். அது பொதுவாக ஐம்பது மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அந்த அளவுக்கு இறங்கவே, உள்ளேயிருக்கும் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகக் கண்மூட நேரம் பிடிக்கும்; சில வண்டிகளில் அரைமணிக்கும் மேலே. அவற்றையெல்லாம் இரண்டே கம்பியில் பேசவைக்கும் ‘கேன்’ என்ற ஏற்பாட்டை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்டது. அது மட்டும் வந்திருக்காவிட்டால் இன்றைய காரில் ஒயரைத் தவிர ஆள் உட்கார இடம் இருக்காது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குத் தூக்கம் வராவிட்டால் மற்றவர்களையும் எழுப்பிக்கொண்டே இருப்பார். மூன்று ஆம்பியர் போல இழுத்தால் முப்பத்தைந்து ஆம்பியர்-மணி பேட்டரி ஒரே ராத்திரியில் காலி. என் வண்டியில் யாரோ தூங்கவில்லை. பாயின் பல்பை வைத்து இதைப் பிடிக்க முடியாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே எல்லாரும் விழித்துக்கொள்வார்கள். கழற்றாமல் கம்பியைச் சுற்றிக் கவ்வும் மீட்டரை மாட்டிவிட்டு, ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க யார் இருக்கிறார்கள்? சர்வீஸ் சென்டர் சாயங்காலம் ஆறுக்கு மூடிவிடும். பேய் பத்து மணிக்குமேல்தான் வரும்.

வக்கீல் நண்பர் ஒருவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். 1986-ல் சட்டம் வந்து, 2019-ல் அதைப் புதிதாக எழுதி, 2020 ஜூலையில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ‘சேவைக் குறைபாடு’ என்று நஷ்டஈடு கேட்கலாம். வண்டியையே மாற்றித் தரச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே அதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. பழுதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய முடியாவிட்டால் வண்டியையோ பணத்தையோ தந்தாக வேண்டும். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. கார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே, வாரன்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், முழு வண்டிக்கல்ல என்று சொல்லிவிட்டது. "அதோட, என்ன பழுதுன்னு நீ காட்டணும். ஜட்ஜ் முன்னாடி வண்டிய நிறுத்துனா சமத்தா இருக்கும். கையில இருக்கற கார்டு பூராவும் ‘ஃபவுண்ட் ஓகே’ன்னு சொல்லுது." என் ஃபைலே எனக்கு எதிர்சாட்சி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சர்வீஸ் சென்டருக்கு எதிரே ஒரு டீக்கடை. மெஷின் காபிக்குப் பயந்து ஒருநாள் அங்கே போய் நின்றேன். நீலச் சட்டையில் கிரீஸ் கறையோடு ஒரு பெண், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசிருக்கும், டீயில் பன்னை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னையும் ஃபைலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"சார், அடிக்கடி பேட்டரி டவுன்னு வர்ற வெள்ளை வண்டி உங்களுதுங்களா?"

"ஆமா அம்மணி. நீ?"

"பின்னாடி ஒர்க்‌ஷாப்ல இருக்கறனுங்க. எலெக்ட்ரிகல். ஐ.டி.ஐ. முடிச்சுட்டு வந்தேன். உங்க வண்டிய நாந்தானுங்க பாத்தேன். பேட்டரி செக் பண்ணச் சொல்லிக் கார்டு வந்துச்சு, பண்ணேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"பூட்டு ராத்திரியெல்லாம் அடிச்சுக்குதே, அதப் பாத்தியா?"

அவள் பன்னைக் கீழே வைத்தாள். "பூட்டுங்களா? எனக்கு வந்த கார்டுல அது இல்லீங்களே."

டோர் லாக் வரி கதவு வேலை பார்க்கும் இன்னொரு ஆளுக்குப் போயிருக்கிறது. அவர் பூட்டைத் திறந்து மூடிப் பார்த்து ஓகே போட்டிருக்கிறார். இவள் பேட்டரியைப் பார்த்து குட் போட்டிருக்கிறாள். இரண்டும் ஒரே ராத்திரியில் நடந்தவை என்ற செய்தி கண்ணாடி மேசையைத் தாண்டவே இல்லை.

அப்புறம் அவள் கேட்க ஆரம்பித்தாள். எப்போதிருந்து? எல்லா ராத்திரியுமா? வெயில் காலத்தில் வந்ததா? நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். மழை ராத்திரிகளில் நிச்சயம் வந்தது. பங்குனி சித்திரையில் வரவே இல்லை. அப்போதும் சர்வீஸுக்கு விட்டு எடுத்த ராத்திரி மட்டும் வந்தது.

"சர்வீஸ் முடிச்சு எடுத்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரியேங்களா?"

"அன்னிக்கே."

"அப்ப வாட்டர் வாஷ் அடிச்ச அன்னிக்குங்க." டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தாள். "வண்டியில ஃபாக் லேம்ப் இருக்குதுங்களா? கம்பெனியிலேயே வந்ததா, இங்க மாட்டுனதா?"

இங்கேதான், சும்மா தந்தது என்றேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் ஏதோ தெரிந்துவிட்ட முகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில மாதம் ஆக்சஸரி மாட்டும் ஷெட்டில் இருந்தாளாம். "கார்டுல ‘டிரைவர் சைடு டேஷ்போர்டு கவர் கழட்டிப் பார்க்கவும்’னு எழுதச் சொல்லுங்க சார். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லீராதீங்க."

அப்படியே எழுதச் சொன்னேன். கூட நின்று பார்ப்பேன் என்றும் அடம் பிடித்தேன். மேனேஜர் வந்தார், எனக்கு ஒரு ஆரஞ்சு மேல்சட்டை மாட்டிவிட்டு உள்ளே விட்டார். ஃபேமிலிக்கு வெல்கம் சொன்ன இடத்தில், அடுக்களையைப் பார்க்க அன்றைக்குத்தான் அனுமதி.

அவள் ஸ்டியரிங்குக்குக் கீழேயிருந்த கவரைக் கழற்றினாள். ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டு முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் முளைக்கும் இடத்தில் நிதானமாக ஊற்றினாள். பிறகு உள்ளே படுத்துக்கொண்டு டார்ச் அடித்துக் காத்திருந்தாள். "சார், இங்க வந்து பாருங்க." ஃபாக் லேம்ப்பிலிருந்து வரும் ஒயர், என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகடைத் துளைத்துக்கொண்டு சுவிட்சுக்குப் போகிறது. அந்தத் துளையில் கம்பெனி வைத்த ரப்பர் கிராமெட்டைப் பிளேடால் கீறி, ஒயரைச் செருகி, அப்படியே விட்டிருந்தார்கள். ஒயரும் தொய்வில்லாமல் நேராக உள்நோக்கிச் சரிந்து வந்தது. அதன் மேல் ஒரு துளி நடந்து வந்தது. நின்றது. பின்னால் இன்னொன்று வந்து தள்ள, பூட்டையும் விளக்கையும் ஆளும் பெட்டியின் கனெக்டருக்குள் இறங்கியது. கனெக்டரை உருவிக் காட்டினாள். உள்ளே பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஈரம் பட்டால் எப்போதும் மின்சாரம் இருக்கும் பின்னிலிருந்து பக்கத்துப் பின்னுக்குக் கசியும். யாரோ சாவியை அமுக்குகிறார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். பூட்டும், திறக்கும், விளக்கைப் போடும், தூங்காது. காய்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

வண்டியைக் காயவைத்து, உலர்ந்த ஷெட்டில் சோதித்து, ஓகே போட்டு, கடைசியில் தண்ணீர் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பழுதையும் சேர்த்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

கெட்டுப்போன பின்களை வெட்டி மாற்றினாள். புது கிராமெட் போட்டு, சுற்றிலும் சீலன்ட் வைத்தாள். ஒயரை மாட்டும்போது துளைக்கு முன்னால் ஒரு சாண் தொங்கவிட்டு மேலே ஏற்றினாள். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "ஐ.டி.ஐ.ல எங்க சாருங்க" என்றாள், கை வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல். உக்கடத்துப் பாய் எந்த ஐ.டி.ஐ.க்கும் போனதில்லை. தண்ணீர் நடக்கிற வழி இரண்டு பேருக்கும் ஒன்றாகவே தெரிந்திருந்தது.

கவரை மாட்டி முடித்தபோது கழுவுகிற பையன் வந்து, "வாட்டர் வாஷ் போட்டுரலாமா?" என்று கேட்டான்.

"நல்லாப் போடுங்கண்ணா. இன்னிக்கு ரெண்டு தடவ போடுங்க" என்றாள்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. வண்டி தூங்கியது.

‘அந்தக் காலத்தில் பாய் இருந்தார், இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்’ என்று இதை முடிக்க எனக்கு வாய் வரவில்லை. இந்தக் காலத்திலும் இருந்தாள்; ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவளிடம் கருவிகள் இருந்தன, பாயிடம் இல்லாத படிப்பும் இருந்தது. நான் சொன்ன கதை மட்டும் அவளிடம் போய்ச் சேரவில்லை. வாரன்டி வேலைக்கு இன்ன பாகம் மாற்ற இவ்வளவு நேரம் என்று கம்பெனி கணக்குப் போட்டுத்தான் கூலி தருகிறது. பாகத்தைக் கழற்றி மாட்டினால் கணக்கில் ஏறும். ஒரு மக் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பதை எந்தக் கணக்கில் ஏற்றுவது? அட்வைசர் பையனுக்கு என் கதையை முழுக்கத் தட்ட நேரமில்லை. எனக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்தார்கள். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே 1920-ல் ஒற்றை பஸ்ஸைத் தானே ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. ஓட்டுகிறவரும் பிரித்துப் பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அந்த இருவரையும் சந்திக்க விடாமல் நடுவில் காபி மெஷின் வைத்ததையும் இந்த ஊர் பார்த்துவிட்டது.

பில்லில் ‘வாட்டர் என்ட்ரி, ரெக்டிஃபைடு’ என்று ஒரு வரி இருந்தது. ஃபாக் லேம்ப்பை மாட்டியது யார் என்பது அதில் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இனிமையான பெண் குரல். சர்வீஸ் அட்வைசர் உங்களை வரவேற்றாரா, செலவை முன்கூட்டியே விளக்கினாரா, வண்டி சுத்தமாக இருந்ததா என்று வரிசையாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் பத்து கொடுத்தேன். இந்தத் தடவை மனசாரவே கொடுத்தேன்.

"இன்னும் ஒண்ணு இருக்குதும்மா. வண்டியச் சரிபண்ணுன பொண்ணுக்கு மார்க் போடணும்."

"அட்வைசருங்களா சார்?"

"இல்ல. பின்னாடி ஒர்க்‌ஷாப்ல இருக்கற பொண்ணு. எலெக்ட்ரிகல்."

சற்று நேரம் கீபோர்டு சத்தம் கேட்டது. "சாரி சார், அதுக்கு இங்க ஆப்ஷன் வரல. கடைசிக் கேள்வி மட்டும் இருக்கு. லவுஞ்சுல காபி எப்படி இருந்துச்சு, பத்துக்கு எவ்வளவு குடுப்பீங்க?"

நாலு கொடுத்தேன்.